பறவைப் படம் எடுக்க மறைவுக் கூடாரம் வாங்குகிறீர்களா? முதலில் ஜன்னலைப் பாருங்கள்

கிள்ளான் - செப்டம்பர் பிறந்துவிட்டால் சிலாங்கூர் கடலோரத்துக்கு வடக்கிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கிவிடும். சைபீரியாவிலும் அதைச் சுற்றிய குளிர்ப் பகுதிகளிலும் குஞ்சு பொரித்த உள்ளான்களும் மூக்கன்களும் காப்பார், கோலசிலாங்கூர் சேற்றுத் திட்டுகளில் இறங்கி, ஏப்ரல் வரை இரை தேடும். அவற்றைப் படமெடுக்கக் கேமராவும் நீண்ட லென்சுமாக வருவோரில் நம்மவர்களையும் இப்போது பார்க்க முடிகிறது.

வந்தவர்கள் எல்லாரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்று உண்டு. எவ்வளவு பெரிய லென்சாக இருந்தாலும், திறந்த வெளியில் மனிதன் நடந்து போனால் பறவை பறந்துவிடும். அடுத்ததாக அவர்கள் தேடிப் போவது, விரித்தவுடன் நிமிர்ந்து நிற்கும் மறைவுக் கூடாரத்தை. படப்பிடிப்பாளர்கள் இதை 'ஹைட்' என்பார்கள். இணையக் கடைகளில் 'ஹண்டிங் பிளைண்ட்' என்ற பெயரில் சில நூறு ரிங்கிட்டிலிருந்து கிடைக்கிறது.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. இந்தக் கூடாரங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் மானையும் வான்கோழியையும் வேட்டையாடுவோருக்காக, குறிப்பாக வில் வேட்டைக்காரர்களுக்காக, வடிவமைக்கப்பட்டவை. பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் அம்சங்கள் அம்பு விடுவதற்கானவை. கேமராவுக்கும் நமது வெயிலுக்கும் அவற்றில் சில பொருந்தும், சில பொருந்தாது. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பணம் மிஞ்சும். பறவைக்கும் தொல்லை குறையும்.

வில்லுக்காகத் தைத்த கூடாரம்

மறைந்திருந்து விலங்கைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களில் தினைப்புனம் காக்கும் பரணுக்கு இதணம் என்று பெயர். மலாய்மொழியில் பும்புன் என்பது வேட்டைக்காரரும் பறவை பிடிப்பவரும் ஒளிந்திருக்கும் இலைக்குடில். இன்று தாமான் நெகாராவில் உப்புநிலத்துக்கு வரும் விலங்குகளைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் தங்கும் மறைவிடங்களுக்கும் அதே பெயர்தான். பும்புன் தகான், பும்புன் கும்பாங் போன்றவை பலரும் அறிந்தவை. வேட்டைக்குப் பிறந்த மறைவிடம், பார்ப்பதற்கான இடமாக மாறியிருக்கிறது. விரிப்புக் கூடாரமும் அதே பாதையில்தான் வந்துள்ளது.

குறிபார்க்கும் கருவியோ கப்பியோ இல்லாத பாரம்பரிய வில்லைப் பயன்படுத்துபவர், விலங்குக்கு ஏறக்குறைய 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும். நாணை இழுக்கும் அசைவு அந்தத் தூரத்தில் எளிதாகத் தெரிந்துவிடும் என்பதால்தான் அவருக்குக் கூடாரம் தேவைப்படுகிறது. ஆனால் நீள்வில் ஒன்று ஏறக்குறைய ஓர் ஆள் உயரம், அதாவது 170 சென்டிமீட்டர் வரை இருக்கும். அதன் மேல்முனை கூரையில் இடிக்கக் கூடாது, கீழ்முனை நாற்காலியில் தட்டக் கூடாது. ஆகவே பாரம்பரிய வில்லாளர்கள் உயரமும் அகலமும் மிகுந்த கூடாரத்தைத் தேடுவார்கள். வில்லைச் சாய்த்துப் பிடித்தும் சமாளிப்பார்கள்.

கேமராவோடு உட்கார்ந்திருப்பவருக்கு இந்த உயரம் வேண்டியதில்லை. திறந்த சேற்று வெளியில் உயரமான கூடாரம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். காற்றையும் அதிகம் வாங்கும். உட்கார்ந்த நிலையில் தலைக்கு மேல் ஒரு சாண் இடம் இருந்தாலே போதும்.

வில்லாளர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கு பாரம்பரிய வில் பயிற்சி விளையாட்டாக வளர்ந்து வருகிறது. பயிற்சி பெறுவோர் இலக்குப் பலகையிலும் நுரையில் செய்த விலங்கு உருவங்களிலும் அம்பு விடுகிறார்கள். உயிருள்ள விலங்கு என்றால் கதை வேறு. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தோட்டப்புறங்களில் சாதாரணமாகத் திரியும் காட்டுப்பன்றியைக்கூடப் பெர்ஹிலித்தான் உரிமம் இல்லாமல் வேட்டையாட முடியாது. கூடாரமும் வில்லும் கடையில் கிடைக்கின்றன என்பதற்காக வேட்டைக்கு அனுமதி கிடைத்துவிட்டதாக யாரும் எண்ணிவிடக் கூடாது.

ஜன்னல்தான் முதல் கேள்வி

வாங்கியபின் வரும் ஏமாற்றங்களில் பெரியது ஜன்னலின் உயரம். வில்லாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து அம்பு விடுவார். அதனால் கூடாரத்தின் ஜன்னல் அவருடைய மார்பு, தோள் உயரத்தில் இருக்கும். பறவைப் படம் அழகாக வர, லென்சு பறவையின் கண்மட்டத்துக்கு இறங்க வேண்டும். சேற்றில் நடக்கும் உள்ளான் ஒரு சாண் உயரம்கூட இருக்காது. ஒரு மீட்டர் உயர ஜன்னலிலிருந்து எடுத்தால் முதுகும் சேறும்தான் படத்தில் விழும். தரையிலிருந்து 40 முதல் 50 சென்டிமீட்டர் உயரத்தில் திறப்பு உள்ள கூடாரமே சேற்றுப் பறவைகளுக்கு ஏற்றது. மரத்தில் அமரும் மீன்கொத்திக்கு உயரமான ஜன்னல் உதவும். எந்தப் பறவை என்பதை முடிவு செய்துவிட்டு ஜன்னலைப் பாருங்கள்.

அடுத்தது வலை. பல கூடாரங்களில் ஜன்னலை மூடும் மெல்லிய வலை இருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு அம்பு போய்விடும் என்பது விளம்பரம். கேமராவுக்கு வலை எதிரி. படம் மங்கும், குவியம் வலையிலேயே சிக்கிக்கொள்ளும். வலையைக் கழற்ற முடியுமா, லென்சை நுழைக்கத் துணிக்குழாய் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாய் இல்லை என்றால் பழைய சட்டையின் கையை வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது சத்தம். ஒட்டுப்பட்டை வைத்த ஜன்னலைப் பிரித்தால் 'பர்ர்' என்ற ஓசை அமைதியான காலையில் வெகுதூரம் கேட்கும். கொக்கியோ வளையமோ வைத்த ஜன்னல் நல்லது. இந்த ஒரு விஷயத்தில் வில்லாளருக்கும் படப்பிடிப்பாளருக்கும் தேவை ஒன்றே.

அளவு, எடை, மைவி காரின் பின்பக்கம்

கூடாரங்கள் இரண்டு வகை. ஒன்று, எஃகுக் கம்பி வளையத்தால் ஆனது. பையிலிருந்து எடுத்ததும் துள்ளி விரியும், முறுக்கி மடிக்க வேண்டும். எடை குறைவு, விலையும் குறைவு. காற்றில் ஆடும். மற்றது, ஒவ்வொரு சுவரின் நடுவிலும் கூரையிலும் ஒரு குமிழ் இருக்க, அதை வெளியே இழுத்து விறைப்பாக நிறுத்துவது. உறுதியானது, ஆனால் இருவர் அமரும் அளவு என்றால் 6 கிலோவுக்கு மேல் போய்விடும்.

குமிழ் வகையை வாங்கும்போது அளவில் ஏமாறக் கூடாது. பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் எதிரெதிர்க் குமிழ்களுக்கு இடைப்பட்ட அகலம். சுவர் வெளியே புடைத்து நிற்பதால் அந்த எண் பெரிதாக இருக்கும். நாற்காலியும் முக்காலியும் நிற்கப்போகும் தரையின் அளவு அதைவிடக் குறைவு. தரை அளவையே கேளுங்கள்.

மடித்தபின் உள்ள நீளமும் முக்கியம். உயரமான கூடாரம் மடித்தாலும் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும். மைவி போன்ற சிறிய காரில் பின் இருக்கையைச் சாய்த்தால்தான் உள்ளே போகும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவர் அதைத் தூக்கிக்கொண்டு மின்தூக்கியில் இறங்க வேண்டும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாங்கியவுடன் வீட்டுக்குப் பக்கத்துத் திடலில் நான்கைந்து முறை விரித்து மடித்துப் பழகுவது நல்லது. இருட்டில், சேற்றில் நின்று கற்றுக்கொள்ளும் வேலை அல்ல அது.

நிறத்தைவிட இருட்டு முக்கியம்

துணியில் அச்சிட்டிருக்கும் இலைகள் பெரும்பாலும் வட அமெரிக்க இலையுதிர் காட்டினுடையவை. அலையாத்திக் காட்டின் பச்சையோடு அவை ஒட்டாது. ஆனாலும் கவலை வேண்டாம். பறவையை விரட்டுவது பெரும்பாலும் நிறம் அல்ல, அசைவும் பளபளப்பும்தான். மங்கலான, மினுமினுப்பு இல்லாத துணி போதும். உதிர்ந்து கிடக்கும் காய்ந்த கிளைகளைச் சாத்திக் கூடாரத்தின் விளிம்பை உடைத்துக் காட்டலாம். அதற்காக அலையாத்தி மரக் கிளையை வெட்டக் கூடாது.

உட்புறம் கறுப்பாக இருக்க வேண்டும். எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் உள்ளே இருப்பவரின் உருவம் நிழற்படம்போல் தெரியும். படமெடுக்கும் பக்கத்தை மட்டும் திறந்து, கறுப்புச் சட்டை அணிந்து, ஜன்னலிலிருந்து சற்றுப் பின்தள்ளி உட்கார வேண்டும். உள்ளிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாத துணிக்கும் இதே விதிதான். உள்ளே வெளிச்சம் புகுந்தால் அந்தத் துணி ஏமாற்றிவிடும்.

கூடாரத்தை வெண்மை கூட்டும் சலவைத்தூளில் துவைக்காதீர்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியைப் பல பறவைகளால் பார்க்க முடியும். அத்தூளில் உள்ள சேர்மானம் துணியைப் பளிச்சிடச் செய்துவிடும்.

வெயில், மழை, இடி

அமெரிக்க வேட்டைக்காரர் குளிரைத் தடுக்கக் கூடாரத்துக்குள் நுழைகிறார். இங்கு நிலைமை நேர்மாறு. காற்று புகாத கறுப்புக் கூடாரம் பத்து மணிக்கே அவித்துவிடும். கூரைக்குக் கீழே காற்றுத் திறப்பு உள்ளதா என்று பாருங்கள். ஏழு மணிக்கு உட்கார்ந்து பத்து மணிக்குள் கிளம்புவது நல்லது. குறைந்தது ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். தலை சுற்றினாலோ வியர்வை நின்றாலோ படத்தை மறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும்.

இடி இடித்தால் கூடாரம் பாதுகாப்பல்ல. துணியும் கம்பியும் மின்னலைத் தடுக்காது. உடனே காருக்குப் போய்விட வேண்டும். கொசு, சிவப்பெறும்பு, அலையாத்திக் காட்டு விரியன் ஆகியவற்றையும் மறக்கக் கூடாது. தரைத்துணியை விரிக்குமுன் இடத்தைப் பாருங்கள், மடிக்குமுன் துணியை உதறுங்கள். உடன் வரும் சிறிய முளைகள் சேற்றில் நிற்காது. நீண்ட முளையோ மணல் நிரப்பிய பையோ வேண்டும். படபடக்கும் துணி பறவையை ஓட்டிவிடும்.

கடலையும் கவனிக்க வேண்டும். கிள்ளான் கடற்பகுதியில் பெரிய கடலேற்ற நாள்களில் நீர்மட்டம் 5 மீட்டரைத் தாண்டும். அலை அட்டவணையைப் பார்க்காமல் சேற்றுத் திட்டில் கூடாரம் போடுவது உயிருக்கே ஆபத்து.

எங்கே போடலாம்?

கூடாரம் வாங்குமுன் அது தேவைதானா என்று பாருங்கள். செக்கிஞ்சான் வயல் ஓரங்களில் காரே நல்ல மறைவிடம். அங்குள்ள பறவைகள் வாகனத்துக்குப் பழகியவை. கண்ணாடியை இறக்கி, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். மலேசிய இயற்கைச் சங்கத்தின் முயற்சியில் 1987இல் உருவான கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்கா, பறவை பார்ப்பதற்கென்றே அமைந்த இடம். கோலாலம்பூரிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் விடியலுக்குள் சேர்ந்துவிடலாம்.

காப்பாரில் உள்ள மின்நிலையத்தின் சாம்பல் குளங்களில் கடலேற்ற நேரத்தில் பறவைகள் கூட்டமாக ஒதுங்குவது ஆய்வாளர்கள் நன்கு அறிந்தது. ஆனால் அது நிலைய வளாகம். அனுமதியின்றி நுழைய முடியாது. நிரந்தர வனக் காப்பகங்களுக்கு மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். பூங்காவானால் நிர்வாகத்திடமும், தனியார் தோட்டமானால் உரிமையாளரிடமும் கூடாரம் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்.

பறவைக்கு அது ஓய்விடம்

2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 11 நாள், ஓரிடத்திலும் இறங்காமல், 13,560 கிலோமீட்டர் பறந்தது. அதே இனம் சிலாங்கூர் கடலோரத்துக்கும் வருகிறது. அருகி வரும் நோர்ட்மன் பச்சைக்காலியும் இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. கடல் ஏறிச் சேறு மறையும்போது இப்பறவைகள் உயரமான திட்டில் ஒதுங்கி ஓய்வெடுக்கும். மார்ச், ஏப்ரலில் நீண்ட பயணத்துக்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். உடல் எடையை ஏறக்குறைய இரு மடங்காக்கும் இனங்களும் உண்டு. ஒருமுறை விரட்டினால் அந்தச் சேமிப்பிலிருந்து சிறிது செலவாகிறது. நாளெல்லாம் விரட்டினால் அது ஈடுசெய்ய முடியாத இழப்பு.

ஆகவே பறவை வருமுன் உள்ளே போய், அது போனபின் வெளியே வருவதுதான் முறை. கூடு கட்டியிருக்கும் இடத்துக்கு அருகில் கூடாரம் போடவே கூடாது. பறவைகள் ஏற்கெனவே வந்துவிட்டால் பழைய உத்தி ஒன்று பல நேரம் உதவும். இருவர் சேர்ந்து நடந்து போய், ஒருவர் உள்ளே நுழைய, மற்றவர் திரும்பி வர வேண்டும். ஆள் போய்விட்டதாக எண்ணிப் பறவைகள் அமைதியடையும். ஒதுங்கிய கூட்டத்திடம் மட்டும் இதையும் செய்யக் கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை:

1. மிகத் தாழ்ந்த ஜன்னல் தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்?
2. வலையைக் கழற்ற முடியுமா? ஜன்னல் சத்தமின்றித் திறக்குமா?
3. தரை அளவு என்ன? மடித்தால் நீளம் என்ன? எடை எவ்வளவு?
4. உட்புறம் கறுப்பா? மேலே காற்றுத் திறப்பு உண்டா?
5. முளைகளும் கட்டுக்கயிறும் சேர்ந்து வருகின்றனவா?

இந்த ஐந்துக்கும் கடைக்காரர் பதில் சொல்லிவிட்டால், துணியில் எந்த நாட்டு இலை அச்சிட்டிருந்தாலும் பாதகமில்லை. விலை குறைந்த, தாழ்ந்த ஜன்னல் வைத்த ஒரு சிறிய கூடாரமும், மூன்று மணி நேரம் அசையாமல் உட்காரும் பொறுமையும் இருந்தால், வந்த விருந்தாளியைக் கலைக்காமலே நல்ல படத்தோடு வீடு திரும்பலாம்.