வேர்க்கப் போகும் மலைக் கிராமம்

நெடுங்கேணியின் வைகாசி வெயிலில் வயல் வேலை செய்தவரிடம், சனம் காசு கொடுத்து வேர்க்கப் போகுது என்றால் நம்புவது கடினம். யப்பானின் மலைக் கிராமங்களில் அதுதான் நடக்கிறது. இளையவர்கள் நகரத்துக்குப் போய், வயல்களும் பள்ளிக்கூடங்களும் வெறுமையாகிப்போன ஊர்கள் பலவற்றில் இன்று கூடார விடுதிகளும் சவுனா என்னும் வெப்ப அறைகளும் இருக்கின்றன. யப்பானுக்குப் படிக்கவோ வேலைக்கோ போன பிள்ளைகள் உங்களை அப்படியோர் இடத்துக்கு அழைத்தால், அங்கே என்ன இருக்கும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

முதலில் 'கிளாம்பிங்'. வசதியோடு கூடிய கூடாரத் தங்கல் அது. கம்பு நாட்டுவதும் கயிறு இழுத்துக் கட்டுவதும் இல்லை. குமிழ் போன்ற கூடாரத்துக்குள் கட்டில், மெத்தை, மின்விளக்கு, பெரும்பாலும் குளிரூட்டியும் இருக்கும். இறைச்சியும் மரக்கறியும் வெட்டித் தருவார்கள். நெருப்பில் வாட்டிச் சாப்பிடுவது உங்கள் பொறுப்பு.

கூடாரம் என்றதும் நினைவுக்கு வரும் 'முகாம்' என்ற சொல்லுக்கு வன்னியில் வேறு பாரம் உண்டு. 2009இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் கூடாரங்களுக்குள் அடைபட்டவர்களுக்கு, 2012 செப்டெம்பரில் அது மூடப்படும்வரை அங்கே இருந்தவர்களுக்கு, துணிச்சுவருக்குள் படுப்பது ஓய்வாகத் தோன்றாமல் போகலாம். அம்மா அப்பாவை அழைத்துப்போகும் பிள்ளைகளே, மரக்குடில் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பல இடங்களில் இருக்கும்.

இனிச் சவுனா. இது பின்லாந்து மக்களின் வழக்கம். 2020இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. சிறிய மரக்கொட்டில், பீப்பாய் வடிவ அறை அல்லது தடித்த துணிக் கூடாரம். உள்ளே விறகடுப்பு, அதன்மேல் கற்கள். அறையின் வெப்பம் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை போகும்.

அந்த வெப்பத்தில் உடம்பு எப்படி வெந்துபோகாமல் இருக்கிறது? காய்ச்சலுக்கு நொச்சி இலை அவித்து, போர்வைக்குள் வேது பிடித்தவர்கள் யோசித்துப் பாருங்கள். பானையின் ஆவி ஈரமானது. முகத்தில் பட்டு நீராகும்போது தன் சூட்டையெல்லாம் தோலில் இறக்கிவிடும். சவுனாவின் காற்று உலர்ந்தது. வேர்வை உடனே ஆவியாகி, தோலைக் குளிர்விக்கிறது. சூடான கல்லில் ஓர் அகப்பை தண்ணீர் ஊற்றியதும் ஈரம் ஏறும். வெக்கை சட்டென்று முகத்தில் அறையும். இருதயம் வேகமாக நடப்பவருடையதைப்போல அடிக்கத் தொடங்கும். பத்து நிமிடம் போதும். தலை சுற்றினால் அதற்கு முன்பே வெளியே வந்துவிட வேண்டும்.

வந்ததும் குளிர்ந்த தொட்டியிலோ ஆற்றிலோ ஒரு நிமிடம் இறங்குவார்கள். மலைத் தண்ணீரின் குளிர் நம் கிணற்றுத் தண்ணீரில் கிடையாது. கால் வைத்ததும் மூச்சு இறுகும். ஆகவே மெதுவாக இறங்குங்கள். பிறகு மரங்களுக்குக் கீழே சாய்கதிரையில் பேசாமல் பத்து நிமிடம் இருக்க வேண்டும். இருதயம் அடங்கி, உடம்பு இலேசாகும் அந்த நேரத்தை யப்பானியர் 'தொதொனோ' என்கிறார்கள். ஒழுங்குக்கு வருதல் என்று பொருள். அவசரப்பட்டு இந்த இருப்பை விட்டுவிடாதீர்கள். சவுனாவின் பயனே அதில்தான் இருக்கிறது என்பேன். இந்தச் சுற்றை மூன்று தடவை செய்வது வழக்கம்.

நம் தீவின் காடுகளிலும் வெப்ப அறைகள் இருந்தன. ரிதிகல, அரங்கெலே போன்ற பழைய வனத் துறவிமடங்களில் 'ஜந்தாகரம்' எனப்படும் வெப்பக் குளியல் மனைகளின் இடிபாடுகளைக் காணலாம். பிக்குகளின் உடல்நலத்துக்காக இதை அனுமதிக்கும்படி வைத்தியர் ஜீவகர் புத்தரிடம் கேட்டதாக துறவற விதிகளின் தொகுப்பான விநய நூல் சொல்கிறது. சூடு தாக்காதிருக்க முகத்தில் களிமண் பூசும் வழக்கமும் அதில் வருகிறது.

யப்பானில் சவுனாவுக்குள் போகுமுன் உடம்பைக் கழுவ வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கும் இடங்களில் நீச்சலுடை அணிவார்கள். மது அருந்தியவர்கள் போகக்கூடாது. இருதய நோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் போக வேண்டாம்.

யப்பானிய மலைகளிலும் கரடி உண்டு. கரடிகள் தேடிவரும் பாலைப்பழக் காலத்தில் நம் காட்டுக்குள் தனியே போகாத அதே கவனம் அங்கேயும் வேண்டும். இரவில் மிஞ்சிய சாப்பாட்டை வெளியே வைக்காமல், விடுதிக்காரர் காட்டும் இடத்தில் பூட்டிவைத்துவிட்டுப் படுங்கள்.