இக்கரையும் அக்கரையும்: சட்டசபையில் ஒரு நாள்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஏறினால் திருமானூரைத் தாண்டியதும் கொள்ளிடப் பாலம் வரும். பாலத்துக்கு வடக்கே திருமானூர்; அது அரியலூர் மாவட்டம். தெற்கே விளாங்குடி, அது தஞ்சாவூர் மாவட்டம். இரு கரையிலும் நெல்லும் கரும்பும்தான். வடகரைப் பக்கத்து ஏரிகளுக்குப் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வருவதும் காவிரித் தண்ணீர்தான். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு இந்த இரு கரை வயல்களும் ஒன்று அல்ல. தென்கரை, 'பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்'. வடகரை, வெறும் நிலம்.

"எம் பொண்ணைக் குடுத்தது அக்கரையிலதான்" என்றார் பாலத்தடியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயி. இரண்டு ஏக்கர் சொந்தம், ஒரு ஏக்கர் குத்தகை. "சம்பந்தி வயல்ல எவனும் எண்ணெய்க் கிணறு போட முடியாதாம். என் வயலுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லையாம். தண்ணியும் ஒண்ணு, நெல்லும் ஒண்ணு. இது என்ன கணக்குங்கய்யா?"

அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் 2020-ம் ஆண்டு பிப்ரவரி 20-ந் தேதி, வியாழக்கிழமை, சென்னைக் கோட்டையில் சட்டசபை கூடிய அந்த ஒரு நாளைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காலையில் இல்லாத ஒரு மசோதா, அன்றைய கூட்டம் முடிவதற்குள் நிறைவேறிவிட்டது. யார் வயல் உள்ளே, யார் வயல் வெளியே என்பது அன்றுதான் எழுத்தில் ஏறியது.

அதற்கு முன் நடந்ததை விவசாயிகளுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுப்பதற்கு 2011-ம் ஆண்டு ஜனவரியில் போட்ட ஒப்பந்தத்திலிருந்தே டெல்டாவில் தூக்கம் போயிற்று. அந்தத் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசிய நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ந் தேதி பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் காலமானார். அந்தத் திட்டத்துக்கு மாநில அரசு 2013-ல் இடைக்காலத் தடை போட்டு, 2015-ல் நிரந்தரமாகவே நிறுத்தியது. மீத்தேன் போனது; 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசலுக்கு ஹைட்ரோகார்பன் வந்தது. அதே ஆண்டு ஜூன் கடைசியில் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாய் கசிந்து ஊரே ரோட்டுக்கு வந்தது. 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் பணிக்கு இனி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமே வேண்டாம் என்று விதியைத் தளர்த்தியது. கூட்டத்துக்குப் போய் எழுந்து நின்று கேள்வி கேட்கும் வாய்ப்பும் போயிற்று என்று டெல்டா கொதித்தது.

இந்தச் சூட்டில்தான் பிப்ரவரி 9-ந் தேதி சேலம் மாவட்டம் தலைவாசலில் நடந்த விழாவில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிப்போம் என்றார் அப்போதைய முதல்-அமைச்சர் எடப்பாடி பழனிசாமி. விழா மேடைப் பேச்சு காற்றோடு போவது வழக்கம். இது போகவில்லை. பதினோராவது நாளில் மசோதாவாகச் சட்டசபைக்கு வந்துவிட்டது.

சபை நடக்கும் விதம்

சட்டசபையில் ஒரு நாள் எப்படிப் போகும் என்று நம் விவசாயிகளில் பலருக்குத் தெரியாது. வெளிநடப்பும் கூச்சலும் மட்டுமே காதுக்கு வந்து சேருகின்றன. சபாநாயகர் ஒரு திருக்குறளைப் படித்துப் பொருள் சொல்லித் தொடங்குவது இங்கே வழக்கம். வழக்கமான நாளில் முதலில் கேள்வி நேரம். உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகளுக்கு அமைச்சர்கள் பதில் சொல்வார்கள். உங்கள் ஊர் வாய்க்கால், உங்கள் ஊர் நேரடி நெல் கொள்முதல் நிலையம், கிடங்கு எல்லாம் பெரும்பாலும் இங்கேதான் வாய்க்கு வரும். பிறகு அவசர விஷயங்கள், கவன ஈர்ப்பு. அதற்குப் பின் அன்றைய பெரிய வேலை: பட்ஜெட் விவாதமோ, மானியக் கோரிக்கையோ, மசோதாவோ.

2020 பிப்ரவரி 20 பட்ஜெட் விவாதத்தின் கடைசி நாள். 14-ந் தேதி நிதி அமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் போட்ட பட்ஜெட் மீது பேசி முடித்து, அவர் பதில் சொல்லிச் சபை கலைய வேண்டிய நாள். அன்று முதல்-அமைச்சரே எழுந்து வேளாண் மண்டல மசோதாவைக் கொண்டு வந்தார்.

மண்டலம் வேண்டாம் என்று எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் சொல்லவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்கள் ஏன் இல்லை, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் எண்ணெய்த் திட்டங்கள் என்ன ஆகும் என்று கேட்டார். மசோதாவைச் செலக்ட் கமிட்டிக்கு, அதாவது பல கட்சி உறுப்பினர்களும் உட்கார்ந்து ஷரத்து ஷரத்தாகப் பார்க்கும் குழுவுக்கு, அனுப்ப வேண்டும் என்பது தி.மு.க.வின் கோரிக்கை. அது ஏற்கப்படவில்லை. தி.மு.க.வினர் வெளிநடப்புச் செய்தார்கள். குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறியது. சில நாட்களிலேயே ஆளுநர் ஒப்புதலும் கிடைத்துச் சட்டமாகிவிட்டது.

இங்கே ஒரு பழைய சங்கதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 1986 வரை இரண்டு சபைகள் இருந்தன. சட்டசபையைக் கீழ்சபை என்றும், சட்ட மேலவையை மேல்சபை என்றும் சொல்வோம். கீழ்சபையில் அவசரமாக நிறைவேறிய மசோதாவை மேல்சபை இன்னொரு தடவை பார்க்கும். 1986 நவம்பர் 1-ந் தேதியோடு மேல்சபை போயிற்று. கர்நாடகம், ஆந்திரம் போன்ற 6 மாநிலங்களில் இன்றும் இரண்டு சபை உண்டு, நமக்கு ஒன்றுதான். மேல்சபை இருந்து பெரிதாக எதைச் சாதித்தது என்று கேட்பவர்களும் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம். ஆனால் இரண்டாவது சல்லடை இல்லாத இடத்தில் செலக்ட் கமிட்டியும் வேண்டாம் என்றால், காலையில் வந்த வாசகம் அப்படியே சட்டம். அன்று வெளியே நின்ற ஊர், திருத்தம் வரும்வரை வெளியேதான் நிற்கும். அவசரத்துக்கும் காரணம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கமிட்டிக்குப் போன மசோதா எப்போது திரும்பும் என்று யார் சொல்ல முடியும்? அதற்குள் எத்தனை கிணறு இறங்கியிருக்கும்?

அட்டவணையைப் படியுங்கள்

சட்டம் என்றால் முன்பக்கத்தைப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். விவசாயி படிக்க வேண்டியது கடைசிப் பக்கம். இந்தச் சட்டத்தின் பின்னால் இரண்டு அட்டவணைகள் உண்டு. முதல் அட்டவணை எந்த ஊர் என்று சொல்கிறது. இரண்டாவது, எந்தத் தொழில் கூடாது என்று சொல்கிறது. நம் தலைவிதி இந்த இரண்டில்தான் இருக்கிறது.

அன்று நிறைவேறியபடி தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள் முழுமையாக உள்ளே. கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய 5 யூனியன்கள். புதுக்கோட்டையில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஆகிய 5 யூனியன்கள். இந்த இரு மாவட்டங்களிலும் கணக்கு யூனியன் கணக்கு. "நான் கடலூர் மாவட்டம், எனக்குப் பாதுகாப்பு உண்டு" என்று விருத்தாசலத்துக்காரர் நினைத்துக்கொண்டால் அது தவறு. திருமானூர் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை.

இரண்டாவது அட்டவணையில் துத்தநாகம், செம்பு, அலுமினியம் உருக்கும் ஆலைகள், இரும்பு, உருக்கு ஆலைகள், தோல் பதனிடும் ஆலைகள் ஆகியவை இருக்கின்றன. டெல்டா எதிர்பார்த்த வரியும் இருக்கிறது: எண்ணெய், இயற்கை எரிவாயு தேடுவது, துளையிடுவது, எடுப்பது, நிலக்கரிப் படுகை மீத்தேனும், ஷேல் வாயுவும், அதுபோன்ற ஹைட்ரோகார்பன்களும் இதில் அடக்கம். மீறினால் தண்டனை உண்டு. மேலே முதல்-அமைச்சர் தலைமையில் ஒரு ஆணையம். மாவட்டத்தில் கலெக்டர் தலைமையில் குழு.

எண்ணெய் வயல் மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் இருக்கும்போது மாநிலம் எப்படித் தடுக்க முடியும் என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. 'எண்ணெய் எடுக்காதே' என்று சொல்ல நமக்கு அதிகாரம் குறைவு. 'இது விளைநிலம், இதில் இன்ன வேலை கூடாது' என்று சொல்ல அதிகாரம் உண்டு. அந்தக் காலை ஊன்றித்தான் இந்தச் சட்டம் நிற்கிறது.

இல்லாததையும் சொல்லிவிட வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டங்களை இந்தச் சட்டம் தொடாது, புதியவற்றுக்குத்தான் தடை. பழைய கிணற்றின் பக்கத்தில் வயல் வைத்திருப்பவருக்கு இதனால் மறுநாள் காலையில் எதுவும் மாறவில்லை. வயலை மனைக்கட்டாகப் போடுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. தஞ்சாவூரிலிருந்து எந்த ரோட்டில் போனாலும் நெல் வயலுக்கு நடுவே வண்ணம் அடித்த மனைக் கற்கள் நட்டிருப்பதைப் பார்க்கலாம். எண்ணெய்க் கிணற்றுக்குப் பயந்த அளவு இதற்கு நாம் பயப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

மூன்று ஆண்டு கழித்து

இந்தச் சட்டத்துக்குப் பெரிய சோதனை 2023-ல் வந்தது. மார்ச் 29-ந் தேதி மத்திய நிலக்கரி அமைச்சகம் விட்ட ஏல அறிவிப்பில் தமிழ்நாட்டின் 3 இடங்கள் இருந்தன: தஞ்சாவூர் மாவட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக் கிழக்கு, அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டி. ஏப்ரல் 4-ந் தேதி பிரதமருக்கு முதல்-அமைச்சர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். அவர் கையில் எடுத்தது எதை? 2020-ல் தம் கட்சி வெளிநடப்புச் செய்த நாளில் நிறைவேறிய அதே சட்டத்தைத்தான். மறுநாள் சட்டசபையில் இது பற்றிக் கவன ஈர்ப்பு வந்தது. அன்று வெளிநடப்பு இல்லை. கட்சி வித்தியாசம் பார்க்காமல் சுரங்கம் வேண்டாம் என்றே பேசினார்கள். ஏப்ரல் 8-ந் தேதி மூன்று இடங்களும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் அட்டவணையை வைத்துக்கொண்டு பாருங்கள். வடசேரியும் சேத்தியாத்தோப்பும் மண்டலத்துக்குள் வருகின்றன. மைக்கேல்பட்டி வராது, அது திருமானூர் இருக்கும் அதே மாவட்டம். அந்த ஊர் தப்பியது எதிர்ப்பினால், சட்டத்தினால் அல்ல. இன்னொன்று: 2020-ல் நிறைவேறிய தடைப் பட்டியலில் எண்ணெயும் வாயுவும் பெயர் சொல்லி இருக்கின்றன; நிலக்கரி வெட்டும் சுரங்கம் அப்படிப் பெயர் சொல்லி இல்லை. நிலக்கரிப் படுகை மீத்தேனுக்கான வரியைக் காட்டித்தான் வாதாட வேண்டியிருந்தது. செலக்ட் கமிட்டியில் நாலு பேர் உட்கார்ந்து படித்திருந்தால் இந்தச் சந்து கண்ணில் பட்டிருக்குமோ என்னவோ.

அட்டவணை கல்வெட்டு அல்ல. நாகப்பட்டினத்திலிருந்து 2020 டிசம்பரில் பிரிந்து மயிலாடுதுறை தனி மாவட்டமானது. அதன் பெயரைச் சேர்க்க 2023 அக்டோபரில் சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேற்றினார்கள். மாவட்டம் பிரிந்ததற்காகத் திருத்த முடிந்த பட்டியல், ஆற்றின் வடகரைக்காகவும் திருத்தக்கூடியதுதான்.

அதற்கு வழி என்ன என்று திருமானூர்க்காரர் கேட்டார். கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். அதில் மாவட்டப் பெயரோடு நிறுத்தாமல் யூனியன், வருவாய்க் கிராமம், பாசன வாய்க்கால், ஆயக்கட்டு ஏரி எல்லாவற்றையும் எழுதுங்கள். அதன் நகலை மாதந்தோறும் கலெக்டர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொரு நகலை உங்கள் எம்.எல்.ஏ.விடம் கொடுத்து, இதைக் கேள்வியாக எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். 'பேசுங்கள்' என்று கேட்டால் பேச்சோடு போய்விடும். கேள்விக்கு அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும், அது சபைக் குறிப்பில் ஏறும். சட்டசபைக்கே மனுக்கள் குழு என்று ஒன்று உண்டு, அதற்கும் எழுதலாம். 2021 ஆகஸ்ட் 14-ந் தேதி முதன்முதலாக விவசாயத்துக்குத் தனிப் பட்ஜெட் போட்டார்கள். விவசாய மானியக் கோரிக்கை விவாதத்துக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பே உங்கள் காகிதம் எம்.எல்.ஏ. கையில் இருக்க வேண்டும். நாற்று விடுவதற்கு முன் விதை வாங்குகிற மாதிரி.

"கேள்வியா எழுதித் தரச் சொல்லணும்" என்று ஒரு தடவை தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து, சட்டைப் பையிலிருந்து சிட்டா நகலை எடுத்துப் பிரித்தார். "யூனியன் பேரு இதுல எங்கங்கய்யா போட்டிருக்கு?"