தேனீப் பத்திரிகையில் பறந்த விமானம்! பைலட் படிக்க வேண்டியது எது தெரியுமா?

ரைட் சகோதரர்களின் விமானம் வானில் முழு வட்டம் அடித்ததை நேரில் பார்த்து, அதை முதன்முதலாக விவரமாக அச்சில் ஏற்றிய பத்திரிகை எது தெரியுமா? நியூயார்க்கின் பெரிய நாளிதழ் எதுவும் இல்லை. தேனீ வளர்ப்போருக்கான பத்திரிகை! 'கிளீனிங்ஸ் இன் பீ கல்ச்சர்' என்று அதற்குப் பெயர். நடத்தியவர் ஆமோஸ் ரூட். ஓஹையோவின் கரடுமுரடான சாலைகளில் தன் காரை ஓட்டிக்கொண்டு போய், 1904 செப்டம்பர் 20 அன்று அந்த வட்டத்தைக் கண்ணால் பார்த்தார். 1905 ஜனவரி 1 இதழில் எழுதினார். 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழுக்கும் அனுப்பிவைத்தார். அவர்கள் கண்டுகொள்ளவில்லை! அதற்கும் ஒரு வருஷம் கழித்து, 1906 ஜனவரியில், ரைட் சகோதரர்கள் உண்மையிலேயே பறந்தார்களா என்று சந்தேகம் கிளப்பி எழுதியது அதே பெரிய பத்திரிகை.

பறப்பதைப் பற்றிப் படிக்க நினைக்கும் யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது. பத்திரிகையின் பெயர் எவ்வளவு பெரிது என்று பார்க்காதீர்கள். எழுதுகிறவர் அங்கே இருந்தாரா என்று பாருங்கள்.

இதை ஸ்ரீவைகுண்டத்தில் உட்கார்ந்து எதற்காகப் பேச வேண்டும்? காரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுபாதை முன்பு எவ்வளவு நீளம் தெரியுமா? வெறும் 1,350 மீட்டர். இறக்கையில் சுழல்விசிறி வைத்த ஏடிஆர் மாதிரி விமானங்கள்தான் வந்துபோக முடிந்தது. இன்று 3,115 மீட்டர்! புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஏர்பஸ் 321 அளவுள்ள ஜெட் விமானம் இறங்கத் தோதான ஓடுபாதை. ஏரலிலும் கருங்குளத்திலும் செய்துங்கநல்லூரிலும் அண்ணாந்து பார்க்கிற பிள்ளைகளில் நாலு பேராவது பைலட் ஆசை வைத்திருப்பார்கள். என்ன கோர்ஸ், எவ்வளவு செலவு, எந்த வங்கியில் கடன் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் கிடைக்கும். எதைப் படிக்க வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

பளபளப்புத் தாளில் போர் விமானப் படம் போட்டு வரும் இதழ்கள் கண்ணுக்கு விருந்து. இங்கிலாந்தில் 1909-இல் தொடங்கிய 'ஃபிளைட்', அமெரிக்காவில் 1916-இல் பிறந்த இன்றைய 'ஏவியேஷன் வீக்', நம் நாட்டில் 'வாயு', 'எஸ்பீஸ் ஏவியேஷன்' எல்லாம் எந்த நாடு எதை வாங்குகிறது, எந்த எஞ்சின் புதிது என்று சொல்லும். ஆர்வம் வளர அவை நல்லவை. ஆனால் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டவரைத் திரும்பத் தரைக்குக் கொண்டுவருகிற படிப்பு வேறு!

அது எப்படிப் பிறந்தது தெரியுமா? 1974 டிசம்பர் 1. வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 727 வந்துகொண்டிருந்தது. இறங்க அனுமதி வந்தது. அந்த அனுமதியே 1,800 அடி உயரம் வரை கீழே வரலாம் என்று சொல்வதாக விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். எதிரே மலை. 92 பேரும் போனார்கள். நெஞ்சு பதறும் செய்தி இனிமேல்தான். ஆறு வாரத்துக்கு முன்னால் யுனைடெட் நிறுவன விமானம் ஒன்று அதே இடத்தில், அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருந்தது! அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தும் விட்டது. எச்சரிக்கை பக்கத்து நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

அந்த ஆற்றாமையில் உருவானதுதான் 1976-இல் நாசா நடத்தத் தொடங்கிய அமைப்பு. தவறு செய்த விமானி தானே எழுதி அனுப்பலாம், பெயரை நீக்கிவிடுவார்கள். வேண்டுமென்று செய்த தவறாகவோ குற்றமாகவோ விபத்தாகவோ இல்லாமல், பத்து நாளுக்குள் அனுப்பிவிட்டால் பெரும்பாலும் தண்டனையும் இல்லை. வருகிற கடிதங்களில் பொறுக்கி எடுத்து 'கால்பேக்' என்ற சிறு இதழ் 1979 முதல் மாதாமாதம் வருகிறது. சில பக்கங்கள்தான். விலை? இலவசம்! இங்கிலாந்தின் 'சர்ப்' இதழும் ஆஸ்திரேலியாவின் 'ஃபிளைட் சேஃப்டி ஆஸ்திரேலியா'வும் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. உலகத்திலேயே உயிர் காக்கும் எழுத்து இப்படிச் சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய ஆச்சரியம்! 'ஃபிளையிங்' இதழில் "பறப்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்டது" என்ற வகையில் விமானிகளே எழுதும் தொடர் 1939-இல் ஆரம்பித்தது என்றால் நம்புவீர்களா?

ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். வானிலை அறிக்கையில் 27018 என்று ஐந்து எண்கள் வரும். முதல் மூன்றும் காற்று புறப்படும் திசை. 270 பாகை என்றால் நேர் மேற்கு. அடுத்த இரண்டும் வேகம். 18 நாட், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர். பின்னாலேயே ஜி என்ற எழுத்தும் 30 என்ற எண்ணும் ஒட்டியிருந்தால், இடையிடையே 30 நாட் வரை வீசி அடிக்கிறது என்று அர்த்தம். ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக ஆடிக்காற்று பாய்ந்து வரும் நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. 18-க்கும் 30-க்கும் வித்தியாசம் 12. அதில் பாதி, 6 நாட், இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது விமானிகள் பரவலாகக் கைக்கொள்ளும் கணக்கு. உங்கள் கையிலுள்ள பத்திரிகை இந்த 6 நாட்டைப் பேசுகிறதா? பேசினால் சந்தா கட்டுங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்தை ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை! செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறத்தாழ 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. அந்த வெள்ளத்தில் விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து உணவுப் பொட்டலம் போட்டன. கீழே நின்றவர்களுக்கு அது சாப்பாடு. மேலே இருந்த விமானிக்கோ ஒவ்வொரு நொடியும் கணக்கு. எங்கே மின்கம்பி ஓடுகிறது? விசிறிக் காற்றில் எந்தத் தகரம் பிய்த்துக்கொண்டு பறக்கும்? மின்கம்பியில் சிக்கிய ஹெலிகாப்டர்களின் கதை பாதுகாப்பு இதழ்களில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். நம் கடற்படையும் தன் விமானிகளுக்கென்று 'மீட்பால்' என்ற பறப்புப் பாதுகாப்பு இதழை நடத்துகிறது.

எல்லாப் பத்திரிகைக்கும் மேலே, படிக்காமல் விமானத்தைக் கிளப்பவே கூடாத ஒன்று உண்டு. வான்வழி வரைபடங்களும் விதிகளும் 28 நாளுக்கு ஒருமுறை, உலகம் முழுக்க ஒரே வியாழக்கிழமையில் மாறுகின்றன! இடையில் வரும் அவசர மாற்றங்களுக்கு 'நோட்டாம்' என்ற அறிவிப்பு. குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்களே, எதற்கு அந்த ஊர் தெரியுமா? துருவப் பாதைக்குப் போகும் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவில் எரிபொருள் வீண். குலசையிலிருந்தோ நேராகத் தெற்கே கடல்தான்! அங்கிருந்து ஒவ்வொரு ராக்கெட் கிளம்பும்போதும் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்த வான்பரப்பு மூடியிருக்கும் என்று நோட்டாம் வெளிவரும். வாகைக்குளத்துக்கு வரும் பைலட் அன்று காலை முதலில் கையில் எடுக்க வேண்டியது அதைத்தான்.