இரு கத்தரீன்களும் ஒரு கற்கோபுரமும்

விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்குச் சிறுவர்தம் நினைவே முதலில் எழும். திரையில் ஆடப்படும் வீடியோ விளையாட்டென்றாலோ, குதித்தோடும் வீரனும் அவன் கையால் மடியும் பகைவருமே மனக்கண்ணில் தோன்றுவர். முப்பத்திரண்டு வயதான ஒருவன் திருமணப் பேச்சை நாளுக்கு நாள் ஒத்திவைப்பதையும், அதனால் இரவில் நடுங்குவதையும் விளையாட்டின் பொருளாக்கலாம் என எண்ணியோர் மிகச் சிலரே. யப்பானின் அட்லஸ் நிறுவனம் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் வெளியிட்ட ‘கத்தரீன்’ அத்தகையதொரு படைப்பு. அதனை நெறிப்படுத்தியவர் கட்சுரா ஹஷினோ. ‘பெர்சோனா’ வரிசையிலே பள்ளி மாணவர் கதைகளால் பெயர் பெற்ற அவர், இதில் வளர்ந்தோர் வாழ்வை எடுத்துக்கொண்டார்.

கதைத்தலைவன் பெயர் வின்சென்ற். அவனுடைய நெடுநாட் காதலி கத்தரீன், மணம் புரிவதைப் பற்றி அவனிடம் பேசத் தொடங்குகிறாள். அவனோ மழுப்புகிறான். அந்நிலையில் மதுச்சாலையிற் சந்தித்த இளநங்கை ஒருத்தி, மறுநாட் காலையில் அவன் படுக்கையில் இருக்கக் காண்கிறான். அவள் பெயரும் கத்தரீன்! ரோம எழுத்தில் ஒருத்தியின் பெயர் ‘கே’யிலும் மற்றவளின் பெயர் ‘சி’யிலும் தொடங்கும், செவிக்கு வேறுபாடில்லை. யப்பானிய எழுத்திலுங்கூட இரண்டும் ஒன்றே.

பகலில் இவ்வாறு பொய்மேற் பொய் சொல்லித் திரிபவன், இரவில் ஒரு கொடுங்கனவுக்குள் விழுகிறான். உள்ளாடையோடு, கையிலொரு தலையணையைப் பற்றியபடி, தலையில் ஆட்டுக்கொம்பு முளைத்தவனாக, பெருங்கோபுரம் ஒன்றில் ஏறவேண்டும். கோபுரமோ கனசதுரக் கற்களால் ஆனது. ஒரு கல்லின் உயரத்துக்கு மேல் அவனால் ஏற முடியாது. ஆகவே கற்களை இழுத்தும் தள்ளியும் படியமைத்துக்கொண்டே செல்லவேண்டும். ஒரு கல் தன் விளிம்பால் இன்னொரு கல்லின் விளிம்பைத் தொட்டிருந்தாலே போதும், அந்தரத்தில் நிற்கும். இந்த எளிய விதியிலிருந்தே நூற்றுக்கணக்கான சிக்கல்கள் பிறக்கின்றன. சிந்திக்க அவகாசமுமில்லை. நேரம் செல்லச் செல்ல அடித்தளம் வரிசை வரிசையாக இடிந்து பாதாளத்தில் வீழ்கிறது. கனவில் வீழ்பவன் நனவிலும் மாள்வான் என்பது கதையின் விதி.

காலத்தைக் கடத்தினால் எல்லாம் தானாகச் சரியாகும் என நம்பும் ஒருவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை ஏது? நின்ற இடத்திலே நிற்பதைத்தான் அந்தக் கோபுரம் அனுமதிப்பதில்லை. காதலி தான் கருவுற்றிருக்கக்கூடும் எனக் கூறியபின், பூதாகாரமான குழந்தையொன்று கனவில் அவனைத் துரத்துகிறது. மற்றோர் இரவில் மணக்கோலம் பூண்ட பேருருவம் துரத்துகிறது.

இடையிடையே இளைப்பாறும் தளங்கள் உண்டு. அங்கே வேறு பல ஆடுகள் கூடியிருக்கும். அவையும் கனவு காணும் ஆடவரே. ஒவ்வொருவனுக்கும் மற்றவர் யாவரும் ஆடுகளாகவே தெரிவர். ஒருவருக்கொருவர் ஏறும் உபாயங்களைக் கற்பித்து, ஆறுதலும் கூறிக்கொள்வர். பாவமன்னிப்புக் கூண்டொன்றும் உண்டு. வாழ்வு திருமணத்தோடு தொடங்குகிறதா, முடிகிறதா என்பதுபோல ஒரு குரல் வினவும். இரு கயிறுகளில் ஒன்றை இழுத்து விடையளிக்கவேண்டும். சரி, பிழை என்ற தீர்ப்புக் கிடையாது. விடைக்கேற்ப ஒரு முள் ஒழுங்கின் பக்கமோ கட்டற்ற வாழ்வின் பக்கமோ சாயும். எட்டு முடிவுகளுள் எது வாய்க்கும் என்பதை அச்சாய்வு பெரிதும் தீர்மானிக்கும்.

குறைகளும் இல்லாமலில்லை. இரு பெண்களும் பெரும்பாலும் வின்சென்றின் அச்சத்தின் ஊடாகவே காட்டப்படுகின்றனர். காதலியின் மனத்துயரை அவள் வாயாற் கேட்கும் தருணங்கள் குறைவு. திருநங்கையான எரிக்கா என்னும் மதுச்சாலைப் பணியாளரைச் சித்திரித்த விதமும் கடுங் கண்டனத்துக்குள்ளாயிற்று.

புதிர்கள் அளவுமீறிக் கடினமானவை என யப்பானிய ஆட்டக்காரர் முறையிட்டதால், 2011இலேயே அவற்றை எளிதாக்கும் திருத்தம் வெளியாயிற்று. 2019இல் வந்த விரிவாக்கப் பதிப்பில், புதிர்களைக் கடந்து கதையை மட்டும் தொடரவும் வழி செய்யப்பட்டது. அவ்வழியிற் செல்பவருக்கு வின்சென்றின் தடுமாற்றம் நல்லதொரு நகைச்சுவை நாடகமாகத் தோன்றும். கல்லை இழுத்து ஏறியவருக்கோ, அவன் காதலிக்கு மறுமொழி எழுதாமற் கைத்தொலைபேசியை மூடிவைக்கும்போதே, காலடியிற் கல் இடியும் ஓசை கேட்கும்.