உங்களுக்குத் தெரியுமா? அம்மியை நகர்த்தும் காற்றும் ஓடுபாதையும்

மதுரை விமான நிலைய ஓடுபாதையின் இரு முனைகளிலும் 09, 27 என்று எழுதியிருக்கும். அவை திசை எண்கள்; பாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடியில் தென்மேற்கிலிருந்து 20 நாட் (மணிக்கு 37 கி.மீ.) காற்று அடித்தால், அதில் ஏறக்குறைய 14 நாட் பக்கவாட்டில் வந்து மோதும். பயிற்சிக்குப் பேர்போன செஸ்னா 152 விமானத்தின் கையேட்டில், சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்றின் அளவு 12 நாட்தான்!

அந்த விமானத்தின் முழு எடையும் 757 கிலோதான். ஒரே சீராக வீசும் காற்றைச் சமாளித்துவிடலாம். வீசிவிட்டுச் சட்டென்று ஓயும் காற்றுதான் பொல்லாதது. தரைக்குச் சில அடி உயரத்தில் அது ஓய்ந்தால், இறக்கையின் தாங்குவிசை குறைந்து விமானம் தொப்பென்று விழும், துள்ளும். பதறிய மாணவர் மூக்கை அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதி ஒடியும், விசிறியும் தரையில் உரசும்.

அதனால்தான் காற்றின் ஏற்ற இறக்க வித்தியாசத்தில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டச் சொல்கிறார்கள். காற்று வரும் பக்கத்து இறக்கையைச் சற்றே தாழ்த்தி, அந்தப் பக்கச் சக்கரத்தை முதலில் தரையில் வைக்க வேண்டும். துள்ளிவிட்டால் எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலேறி, இன்னொரு சுற்று வரலாம். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.