கண் மஞ்சளானால் கீழாநெல்லி போதுமா?

"என்ன மாமா, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு?"

திண்டிவனம் பக்கம் பிரம்மதேசத்தில் யாராவது ஒருத்தர் இப்படிக் கேட்டுவிட்டால் போதும். அரைமணி நேரத்தில் வரப்பு ஓரத்திலிருந்து ஒரு கைப்பிடி கீழாநெல்லி வந்துவிடும். அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும். உப்பில்லாப் பத்தியம் வேறு. 'மந்திரிச்சா இறங்கிடும்' என்று சொல்ல ஒரு பெரியம்மாவும் இருப்பார். பிரம்மதேசம் என்றில்லை, தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் இதுதான் நடக்கும். பலருக்குச் சரியாகியும் விடுகிறது. சிக்கலே அங்கேதான்!

மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது ஓர் அடையாளம். உள்ளே மூன்று வேறு இடங்களில் எங்கே கோளாறு வந்தாலும் கண் ஒரே மாதிரிதான் மஞ்சளாகும். எந்த இடம் என்று தெரியாமல் மருந்து கொடுப்பது, மோட்டார் ஓடாததற்குக் காரணம் கரண்டா, காயிலா, பைப்பா என்று பார்க்காமல் ஸ்விட்சையே தட்டிக்கொண்டிருப்பது போலத்தான்.

அந்த மஞ்சள் எங்கிருந்து வருகிறது? நம் ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு ஆயுள் சுமார் 120 நாள். வயதான அணுக்களை உடம்பு உடைத்துவிடும். அப்போது மிஞ்சுகிற மஞ்சள் கழிவுதான் பிலிரூபின். உங்களுக்கும் எனக்கும் தினமும் 250, 300 மில்லிகிராம் உண்டாகிறது. அது தண்ணீரில் கரையாது. எனவே ரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு கல்லீரலுக்கு வந்து சேர்கிறது.

இனி கல்லீரலுக்குள் நுழைவோம். வெளியே பார்த்தால் ஒன்றரைக் கிலோ எடையில் பழுப்புச் சிவப்பு மாமிசம், அவ்வளவுதான். ஒரு துணுக்கை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வையுங்கள், வேறு உலகம்! ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் ஆறு மூலை அறைகள், தேன்கூடு மாதிரி. (பன்றியின் கல்லீரலில் அறைக்கு அறை சுவர் பளிச்சென்று தெரியும். மனிதக் கல்லீரலில் சுவரை நாமாகத்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.) ஒவ்வொரு மூலையிலும் மூன்று குழாய்கள். ஒன்று இதயத்திலிருந்து நல்ல ரத்தம் கொண்டு வருவது. இன்னொன்று குடலிலிருந்து, சாப்பாட்டின் சத்தோடு ரத்தம் கொண்டு வருவது. மூன்றாவது பித்தக் குழாய். அறையின் நடுவில் ஒரே ஒரு ரத்தக் குழாய்.

மூலையில் நுழையும் ரத்தம், வரிசை வரிசையாக அடுக்கி நிற்கும் செல்களுக்கு இடையே கசிந்து நடுவுக்குப் போகிறது. இந்தச் சந்துகளின் சுவர் சல்லடை மாதிரி ஓட்டை ஓட்டையாக இருப்பதால், கல்லீரல் செல் ரத்தத்தின் திரவத்தில் நேரடியாகக் கை நனைக்க முடியும். வழியில் காவலுக்கு உட்கார்ந்திருக்கும் குப்ஃபர் செல்கள், குடலிலிருந்து தப்பி வந்த கிருமிகளைப் பிடித்து விழுங்கிவிடும்.

கல்லீரல் செல் பிலிரூபினை உள்ளே இழுத்து, ஒரு சர்க்கரை அமிலத்தைச் சேர்த்து, தண்ணீரில் கரைய வைக்கிறது. பிறகு பின்பக்கம் தள்ளிவிடுகிறது. இரண்டு செல்கள் ஒட்டும் இடத்தில், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலத்தில் ஒரு வாய்க்கால் இருக்கிறது. அதுதான் பித்தம் பிறக்கும் இடம். ரத்தம் வெளியிலிருந்து நடுவுக்கு ஓடினால், பித்தம் நடுவிலிருந்து வெளியே ஓடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எதிரெதிராக ஓடியும் கலப்பதில்லை. கலந்துவிட்டால்? அதுதான் காமாலை!

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் அளவுக்குப் பித்தம் சுரக்கிறது. பித்தப்பையோ 30 முதல் 50 மில்லிதான் பிடிக்கும். எப்படிச் சமாளிக்கிறது? அதன் உட்சுவரில் உயரமான செல்கள் ஒரே வரிசையாக நிற்கின்றன. அவை பித்தத்திலுள்ள தண்ணீரை உறிஞ்சி, பாலைச் சுண்டக் காய்ச்சுகிற மாதிரி கெட்டியாக்கிவிடும். எண்ணெய்ப் பலகாரம் குடலுக்கு வந்ததும் பை சுருங்கிப் பித்தத்தைப் பீய்ச்சும். கலவை சரியில்லாமல் கெட்டியானால் கல்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். ஒவ்வொரு செல்லிலும் செரிமான ரசாயனங்கள் பூட்டிய பொட்டலங்களாகக் காத்திருக்கின்றன. பூட்டு குடலில்தான் திறக்க வேண்டும். (கொத்துகளுக்கு நடுவே தீவுகளாக இருப்பவை இன்சுலின் சுரப்பவை. அந்தச் சர்க்கரைக் கதை இன்னொரு நாள்.) கணையக் குழாயும் பித்தக் குழாயும் குடலில் ஒரே வாசலில் திறக்கின்றன. அந்த வாசலில் ஒரு பித்தக்கல் மாட்டினால் பித்தம் கல்லீரலுக்குத் திரும்பும், கண் மஞ்சளாகும். கணைய நீரும் தேங்கி, பூட்டு உள்ளேயே திறந்து, கணையம் தன்னையே செரிக்கத் தொடங்கிவிடும். உயிருக்கே ஆபத்து.

ஆக, மூன்று இடங்கள். சிவப்பணு அளவுக்கு மேல் உடைந்தால் முதல் வகை. கல்லீரல் செல்லே நோயில் விழுந்தால் இரண்டாவது. வைரஸ், சாராயம், சில மாத்திரைகள் இந்த வேலையைச் செய்யும். குழாய் அடைத்தால் மூன்றாவது. கல் மட்டுமில்லை, கணையத்தின் தலைப்பகுதியில் வரும் புற்றுநோயும் வலியே இல்லாமல் குழாயை நெருக்கும்.

அப்படியானால் கீழாநெல்லி வெறும் நம்பிக்கையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்குடன் சேர்ந்து, 1988-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்த வைரஸை உடம்பில் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்ததில், 37 பேரில் 22 பேர் ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அது வைரஸுக்கான சோதனை. அடைத்த குழாயிலிருந்து கல்லை எடுக்க எந்த இலையாலும் ஆகாது.

பின்னே பலருக்குக் குணமாகிறதே? கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வகைக் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பேர் இலைக்குப் போய்விடுகிறது!

வீட்டிலேயே ஒரு துப்பு கிடைக்கும். மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது பித்தம். குழாய் அடைத்தால் மலம் வெளுத்துக் களிமண் மாதிரி போகும், சிறுநீர் கடுங்காப்பி மாதிரி இறங்கும், உடம்பெல்லாம் அரிக்கும். கல்லீரல் செல் கெட்டாலும் சிறுநீர் கறுக்கும், பசி செத்துவிடும். சிவப்பணு உடையும் வகையில் மலம் வெளுக்காது, ரத்தசோகையால் ஆள் வெளிறிப் போவார். இது துப்பு மட்டும்தான். முடிவு சொல்ல ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் வேண்டும்.

காமாலையோடு குளிர் நடுக்கக் காய்ச்சல், மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி, பிதற்றல், அதிகத் தூக்கம், ரத்தக் கசிவு – இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கிளம்புங்கள். கர்ப்பிணி என்றால் கண் மஞ்சளான உடனேயே. ஹெபடைடிஸ் ஈ அவர்களுக்குக் கொடியது. பிரம்மதேசத்துக்காரர்களுக்குத் திண்டிவனம் அரசு மருத்துவமனை பக்கம். மேல்சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரியும் புதுச்சேரி ஜிப்மரும் இருக்கின்றன. போகும்போது இதுவரை குடித்த கஷாயம், விழுங்கிய மாத்திரை, சாராயம் எதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மலம் என்ன நிறம் என்று அவர் கேட்பார். கூச்சப்படாமல் பார்த்து வைத்துக்கொண்டு போங்கள்.