உங்களுக்குத் தெரியுமா? சோதித்துப் பார்த்தவர்கள்!

1747. நடுக்கடலில் ‘சாலிஸ்பரி’ கப்பல். ஸ்கர்வி நோயில் ஈறு அழுகிக் கிடந்த 12 மாலுமிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார் டாக்டர் ஜேம்ஸ் லிண்ட். எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. மருந்து மட்டும் வேறு வேறு! ஒரு ஜோடிக்கு வினிகர். இன்னொன்றுக்குக் கடல்தண்ணீர். மற்றொன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஆமாம், அமிலமேதான்! தினம் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை சாப்பிட்ட ஜோடியில் ஒருவர் 6 நாளில் வேலைக்குத் தயார். அடுத்தவரோ மற்ற நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டார்! இவ்வளவு கண்கூடான முடிவு. மாலுமிகளுக்கு எலுமிச்சைச் சாறு கொடுக்க பிரிட்டிஷ் கடற்படை முடிவெடுத்தது எப்போது? 48 வருஷம் கழித்து!

வயிற்றுப்புண்ணுக்குக் காரணம் டென்ஷன் என்றது மருத்துவ உலகம். “இல்லை, கிருமி” என்றார் ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல். யாரும் நம்பவில்லை. 1984ல் அந்தக் கிருமிக் கரைசலை மடமடவென்று தானே குடித்துவிட்டார்! சில நாளில் வாந்தி. எண்டோஸ்கோப்பி போட்டால் இரைப்பையில் அழற்சி, கூடவே அதே கிருமி! 2005ல் நோபல் பரிசு!

கப்பில் முதலில் ஊற்றியது பாலா, டீயா? குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. புள்ளியியல் மேதை ஃபிஷர் விடுவாரா? 4 கப் இப்படி, 4 கப் அப்படி, வரிசையைக் குலுக்கிப் போட்டு நீட்டு என்றார்! குருட்டாம்போக்கில் எட்டையும் சரியாகச் சொல்ல 70ல் ஒரே ஒரு வாய்ப்பு! புது மருந்துகளைச் சோதிப்பதிலும் இன்று இதே குலுக்கல்தான்!

சுத்தியலும் இறகும் ஒன்றாக விழுமா? 1971ல் நிலாவில் நின்று போட்டுக் காட்டினார் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட். இரண்டும் ஒரே நேரத்தில் தரை தொட்டன!

2011. ஐரோப்பாவில் பூமிக்கடியில் 730 கிலோமீட்டர் பாய்ந்த நியூட்ரினோக்கள் ஒளியை முந்திவிட்டன என்றது அளவீடு! ஐன்ஸ்டைன் தோற்றாரா? விஞ்ஞானிகள் கொண்டாடவில்லை. “தப்பு எங்கே, தேடுங்கள்” என்று உலகத்தையே அழைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்! கடைசியில் சிக்கியது என்ன? சரியாகச் சொருகாத ஒரு கேபிள்!

மண்ணுக்குள் விதை எத்தனை காலம் உயிரோடு இருக்கும்? 1879ல் அமெரிக்காவின் மிச்சிகனில் 20 பாட்டில்களில் விதைகளைப் புதைத்தார் பேராசிரியர் பீல். வெளிச்சம் பட்டு முளைத்துவிடக் கூடாதே என்று ராத்திரியில்தான் தோண்டுகிறார்கள்! 2021ல் எடுத்த விதைகளிலும் சில முளைவிட்டன! கடைசி பாட்டில் வெளியே வரும் ஆண்டு? 2100!